ஸ்கார்பரோ போகலாமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

லீட்ஸில் குடியிருப்பதால், கோடை நெருங்கும்போதெல்லாம் உறவினர்களும் நண்பர்களும் ஸ்கார்பரோவைப் பற்றி என்னிடம் விசாரிப்பார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டிருக்கும், கடற்கரைக்குப் போக வேண்டும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஊர். அதை அவசரமாகச் சுற்றிவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்புபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அதனால் சில இடங்களில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கார்பரோ எங்கே இருக்கு? லண்டன்ல இருந்து ஒரே நாள்ல போயிட்டு வர முடியுமா?

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வடக்கு யார்க்‌ஷரில், வடகடலைப் பார்த்தபடி இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் வரை சுமார் இரண்டு மணி நேரம். அங்கே வண்டி மாறினால் இன்னும் ஐம்பது நிமிடம். மாறக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்வர முடியும். ஆனால் நாளில் பாதி ரயிலிலேயே கழிந்துவிடும். யார்க், லீட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் ஒரு நாள் பயணம் சரிப்படும்.

குழந்தைகளோடு ரயிலில் போவதானால் 'ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' ரயில்கார்டு வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் குறையும். காரில் வருபவர்கள் ஏ64 சாலையில்தான் வர வேண்டும். கோடைக்காலச் சனிக்கிழமை காலையில் மால்டன் தாண்டியதும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஊர் எல்லையில் சீமர் ரோட்டிலும் ஃபைலி ரோட்டிலும் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் உள்ளே போகும் 'பார்க் அண்ட் ரைடு' வசதி இருக்கிறது. கடற்கரை ஓரமாக இடம் தேடி அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் பிளாட்பாரத்தில் சுவரை ஒட்டி ஓடும் மரப் பெஞ்சைப் பாருங்கள். 139 மீட்டர் நீளம், ஒரே பெஞ்சு. சுற்றுலா ரயில்களில் வந்து இறங்கிய கூட்டம் திரும்பும் வண்டிக்காக உட்கார்ந்திருந்த இடம் அது. இந்த ஊருக்கு ஒரு காலத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

எத்தனை நாள் தங்கலாம்? எந்த மாசம் நல்லா இருக்கும்?

இரண்டு இரவு தங்குங்கள். ஒரு முழு நாளை ஊருக்கும், ஒரு நாளை பக்கத்துக் கிராமங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஜூன் மாதம்தான் என் முதல் தேர்வு. வெளிச்சம் இரவு ஒன்பதரை தாண்டியும் இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது, அறை வாடகையும் ஏறியிருக்காது. செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களும் நன்றாக இருக்கும். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய எல்லாமே திறந்திருக்கும், எல்லா இடத்திலும் வரிசையும் நிற்கும்.

கிழக்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் கடலிலிருந்துதான் எழும். ஜூனில் அது அதிகாலை நாலரைக்கு. எழுந்திருக்க முடிந்தால் ஒரு நாளாவது பாருங்கள். கடலில் சூரியன் மறைவதைப் படம் எடுக்க வேண்டும் என்று கிளம்புபவர்களுக்கு இந்தக் கரை தோதுப்படாது.

ரெண்டு பீச் இருக்காமே? எதுக்குப் போறது?

ஊரின் நடுவில் ஒரு மலைமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் உச்சியில் கோட்டை. அதற்குத் தெற்கே ஒரு குடா, வடக்கே ஒரு குடா. இரண்டும் மணல் கடற்கரைகள்தான் என்றாலும் குணம் வேறு.

தெற்குக் குடாவில் துறைமுகம், கலங்கரை விளக்கம், கழுதைச் சவாரி, ஐஸ்கிரீம் கடை, மீன் கடை, இரண்டு பென்ஸ் காசு போட்டு விளையாடும் ஆர்கேடுகள் எல்லாம் இருக்கும். சத்தமும் வறுத்த வாசனையும் நிறைந்த இடம். வடக்குக் குடா அகலமானது, அமைதியானது. வண்ணம் பூசிய மரக் குடில்கள் வரிசையாக நிற்கும், அலைச்சறுக்கு செய்பவர்கள் இருப்பார்கள். கோட்டைப் பக்கம் பாறைகள் நீண்டு கிடக்கும். சின்னக் குழந்தைகளை மணலில் விட்டுவிட்டு நிம்மதியாக உட்கார வேண்டும் என்றால் வடக்கு. ஊரின் கலகலப்பு வேண்டும் என்றால் தெற்கு.

இரண்டையும் இணைக்கும் சாலை மரைன் டிரைவ். மலைமுனையின் அடிவாரத்தைச் சுற்றி, கடலை ஒட்டியே போகும். 1897-ல் வேலையைத் தொடங்கி 1908-ல் திறந்தார்கள். கடல் திரும்பத் திரும்ப உடைத்துப்போட்ட சுவரைக் கட்டி முடிக்க அவ்வளவு காலம் பிடித்தது. மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். ஸ்கார்பரோவில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர்களை இந்த நடைக்குத்தான் அனுப்புவேன்.

"டைட் பார்த்துட்டுப் போ"ன்னு எல்லாரும் சொல்றாங்க. அது அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். இந்த ஊரில் உங்கள் நாளை கடிகாரம் பார்த்து வகுக்காதீர்கள், கடல் ஏறும் இறங்கும் நேரம் பார்த்து வகுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சுமார் ஐந்து மீட்டர் மாறும். சென்னைக் கரையில் அது ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால், நம்மவர்களுக்கு இது பழக்கமில்லாத விஷயம். காலையில் பெரிய மைதானம் போல விரிந்து கிடந்த மணல், மதியம் சுவர் ஓரத்தில் ஒரு கீற்றாகச் சுருங்கியிருக்கும். வடக்குக் குடாவில் சில நேரம் அந்தக் கீற்றும் இருக்காது.

ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் சுமார் பன்னிரண்டரை மணி நேரம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். இன்றைய நேரத்தை வைத்து நாளைக்குக் கணக்குப் போடாதீர்கள். ஸ்கார்பரோவின் ஓத அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மணலில் இறங்கினால், விளையாடவும் பாறைக் குட்டைகளில் நண்டு தேடவும் தாராளமாக நேரம் கிடைக்கும். கடல் ஏறும் நேரத்தில் மேலே ஏறி மரைன் டிரைவில் நில்லுங்கள். காற்றும் சேர்ந்திருந்தால் அலை சுவரில் மோதி சாலைக்கு மேலே எழும். அப்படியான நாளில் சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. சாலையையே மூடிவிடுவதும் உண்டு.

கடல்ல குளிக்கலாமா? தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்குமா?

ஆகஸ்டில்கூடத் தண்ணீர் 14, 15 டிகிரிதான். இறங்கியதும் மூச்சு அடைக்கும். குழந்தைகளுக்கு வெட்சூட் போட்டு இறக்குங்கள், நீங்களும் கொஞ்சம் கொஞ்சமாக நனையுங்கள். கோடையில் ஆர்.என்.எல்.ஐ. என்னும் கடல் மீட்புத் தொண்டு அமைப்பின் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் கொடி நட்டிருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் மட்டும் இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் குளிக்கும் கடற்கரைகளின் நீரை மே 15 முதல் செப்டம்பர் 30 வரை சோதித்து, நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். அண்மைய ஆண்டுகளில் தெற்குக் குடா அதில் கடைசித் தரமான 'மோசம்' என்பதில் விழுந்தது. அப்படி விழுந்த இடத்தில் குளிக்க வேண்டாம் என்று பலகை வைப்பார்கள். ஆகவே குளிப்பதானால் வடக்குக் குடாவுக்குப் போங்கள். எங்கே இறங்கினாலும் அந்த ஆண்டுத் தரத்தைக் கரையில் உள்ள பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பலத்த மழை பெய்த மறுநாள் இறங்காமல் இருப்பது நல்லது. மழைநீரோடு கழிவும் ஓடைகள் வழியே கடலுக்கு வந்துவிடும்.

யாராவது நீரில் இழுபட்டால் பின்னால் குதிக்காதீர்கள். 999-ஐ அழைத்து 'கோஸ்ட்கார்டு' (கடலோரக் காவல்படை) என்று கேளுங்கள். இழுபட்டவர் கைகாலை அடித்து நீந்தப் பார்க்காமல், மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குக் கரையிலேயே படுக்கவைத்துக் காட்டிக் கொடுங்கள்.

ஊரே மேடும் பள்ளமுமா இருக்காமே. அம்மாவுக்கு முட்டிவலி, அவங்க எப்படிச் சமாளிப்பாங்க?

ஊர் மேலே, கடல் கீழே. அது உண்மைதான். அதற்கு 1875-லேயே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தெற்குப் பாறைமேட்டின் மேலிருந்து, கீழே கடலோரத்தில் 'ஸ்பா' எனப்படும் பொழுதுபோக்கு அரங்கம் வரை தண்டவாளத்தில் ஏறி இறங்கும் பெட்டி ஒன்று அந்த ஆண்டு ஓடத் தொடங்கியது. பிரிட்டனிலேயே இவ்வகையில் முதலாவது. பழனி மலையில் ஓடும் விஞ்சைப் பார்த்திருப்பீர்கள், அதே ஏற்பாடுதான்: ஒரு பெட்டி இறங்க, கயிற்றின் மறுமுனையில் இன்னொன்று ஏறும். தொடக்கத்தில் கடல்நீரின் எடையைக் கொண்டே அதை இயக்கினார்கள். ஊர் நடுவிலிருந்து கடற்கரைச் சாலைக்கு இறங்கும் சென்ட்ரல் டிராம்வே 1881-ல் வந்தது. கட்டணம் சொற்பம். அம்மாவை முதலில் அதில் ஏற்றுங்கள், இறங்கும்போது கடல் அப்படியே கண்முன் விரியும். மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் ஓடாத நாட்களும் உண்டு. கடைசிப் பெட்டி எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

கீழே இறங்கியபின் தெற்குக் கடற்கரைச் சாலை சமதரை. கோடையில் மொட்டைமாடிப் பேருந்துகள் கடலோரமாக இரண்டு குடாக்களுக்கும் இடையே ஓடும். மரைன் டிரைவ் முழுவதையும் நடக்க முடியாதவர்கள் அதில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். தங்கும் அறையைப் பதியும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பதால் பல இடங்களில் இருக்காது, படியும் குறுகலாக இருக்கும்.

நாங்க சைவம். சிப்ஸ் மட்டும் வாங்கிச் சாப்பிட்டா பிரச்சினை இல்லையே?

இருக்கிறது. கேட்காமல் வாங்காதீர்கள். யார்க்‌ஷரில் மீனையும் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் பழைய வழக்கம். 'பீஃப் டிரிப்பிங்' என்று பெருமையாகவே பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். உருளைக்கிழங்கு சைவம் என்றாலும் அது வேகும் எண்ணெய் அப்படியல்ல. சைவர்களுக்கு மட்டுமல்ல, மாட்டிறைச்சி தவிர்க்கும் எல்லோருக்கும், ஹலால் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். கல்லாவில் நிற்பவரிடம் "எதில் பொரிக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. அங்கேயும் மீன் பொரித்த சட்டியில்தான் சிப்ஸும் போடுவார்களா என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

சைவத்துக்கு அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கில் சீஸோ பீன்ஸோ வைத்துத் தரும் 'ஜாக்கெட் பொட்டேட்டோ' எந்தக் கஃபேயிலும் கிடைக்கும். மாலையில் ஸ்கோன், ஜாம், கெட்டி கிரீம், ஒரு கெட்டில் தேநீர். வயிறும் நிறையும், மனசும் நிறையும். ஊருக்குள் இந்திய உணவகங்களும் உண்டு. துறைமுகத்துக்கு எதிரே மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும் ஹார்பர் பார், 1945-லிருந்து நடக்கும் ஐஸ்கிரீம் கடை. உயரக் கண்ணாடிக் குவளையில் பழமும் ஐஸ்கிரீமும் அடுக்கித் தருவார்கள்.

மீன் சாப்பிடறவங்க என்ன வாங்கணும்?

ஹாடக் வாங்குங்கள். தெற்கு இங்கிலாந்தில் காட் மீனைக் கேட்பார்கள், யார்க்‌ஷர்காரர்களுக்கு ஹாடக்தான் மீன். மாவு உப்பி, மொறுமொறுவென்று, உடைத்தால் உள்ளே வெள்ளையாக இதழ் இதழாகப் பிரிய வேண்டும். உப்பும் வினிகரும் போடவா என்று கேட்பார்கள், தாராளமாகப் போடச் சொல்லுங்கள். பட்டாணி மசியலும் சேர்த்து வாங்கலாம். சட்டியில் உதிர்ந்த மாவுத் துணுக்குகளை 'ஸ்க்ராப்ஸ்' என்பார்கள், கேட்டால் மேலே தூவித் தருவார்கள். இங்கே துறைமுகத்தில் இறங்கும் முக்கியமான சரக்கு நண்டும் சிங்க இறாலும். கடலோரக் கடைகளில் நண்டைச் சுத்தம் செய்து அதன் ஓட்டிலேயே நிரப்பி விற்பார்கள். அதை வாங்கி, எலுமிச்சை பிழிந்து, அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.

பறவைங்க கையில இருக்கறதைப் பிடுங்கிட்டுப் போகுமாமே?

போகும். பின்னாலிருந்து, தோளுக்கு மேலாக வரும். சாம்பல் முதுகு, இளஞ்சிவப்புக் கால், பெரிய மஞ்சள் அலகு கொண்ட 'ஹெர்ரிங் கல்' என்னும் கடற்பறவை அது. சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, பொட்டலத்தை மூடி வைத்துக்கொண்டு சாப்பிட்டால் அதற்கு வழியில்லை. உணவு எதையும் எறியாதீர்கள். இன்று நீங்கள் எறிவதுதான் நாளை அது ஒரு குழந்தையின் கையில் பாய்வதற்குக் காரணம்.

ஆனால் இங்கே இன்னொரு பறவை இருக்கிறது, அதையும் திட்டிவிடாதீர்கள். கருப்புக் கால், மென்மையான முகம், மை தோய்த்தது போலச் சிறகு நுனி. கிட்டிவேக். அது யார் கையிலிருந்தும் பிடுங்குவதில்லை, கடலில் சிறு மீன் பிடித்து வாழ்கிறது. கோட்டைப் பாறையிலும், 1827-ல் திறந்த ஸ்பா பாலத்திலும், கிராண்ட் ஹோட்டலின் ஜன்னல் விளிம்புகளிலும் வசந்தத்தில் கூடு கட்டி ஆகஸ்டில் கடலுக்குத் திரும்பிவிடும். தன் பெயரையே கத்துவது போல அதன் குரல் இருக்கும். உலக அளவில் குறைந்துவரும் இனம். ஊர் நடுவில், தலைக்கு மேலே, குஞ்சோடு பார்க்கக் கிடைப்பது பெரிய பாக்கியம். எச்சம் விழும், அதனால் கூட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்.

குழந்தைங்களுக்கு மணலைத் தவிர வேற என்ன இருக்கு?

வடக்குப் பக்கத்தில் பீஸ்ஹோம் பார்க். 1912-ல் திறந்த பூங்கா, நடுவில் ஏரி, ஏரிக்குள் தீவு. கோடையில் வாரத்தில் சில நாள் அங்கே கடற்போர் நடக்கும். 1927-லிருந்து நடக்கிறது. போர்க்கப்பல்களின் மாதிரிகள் ஏரியில் வந்து ஒன்றையொன்று சுடும், புகை கிளம்பும், ஒன்று தீப்பிடிக்கும். விசேஷம் என்னவென்றால் பெரிய கப்பல்களுக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிறார். கரை ஓரமாக வரும்போது கூர்ந்து பாருங்கள், கப்பலின் மேற்கட்டுக்குள் ஒரு தலை அசைவது தெரியும். அதைக் கண்டுபிடித்த குழந்தைகள் போடும் கூச்சல்தான் அந்த விளையாட்டின் உச்சம். நாள், நேரம் பார்த்து முன்கூட்டியே போய்ப் படிகளில் இடம் பிடியுங்கள்.

பூங்காவுக்குப் பக்கத்திலிருந்தே 1931-ல் தொடங்கிய குட்டி ரயில், கடலோரமாக ஸ்கால்பி மில்ஸ் வரை போகும். அங்கே சீ லைஃப் மீன்காட்சியகம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பும் முன் 'ராக்' எனப்படும் மிட்டாய்க் குச்சி வாங்கிக் கொடுங்கள். வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளை. எங்கே கடித்தாலும் அந்த வெட்டில் ஊர் பெயர் வட்டமாகத் தெரியும். பெரிய சர்க்கரைப் பாகு உருளைக்குள் எழுத்துகளைப் பட்டைகளாக அடுக்கி, பிறகு மெல்லிசாக இழுப்பதால் எழுத்தும் கூடவே நீண்டுகொண்டே போகிறது.

கோட்டைக்கு டிக்கெட் எடுக்கற அளவுக்கு மதிப்பு இருக்கா?

இடிந்த சுவர்தானே என்று நினைத்துக் கேட்கிறார்கள். காற்று அமைதியாக இருக்கும் நாளில் கண்டிப்பாக மதிப்பு உண்டு. இரண்டு குடாக்களையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். உயர்ந்து நிற்கும் கல் கோபுரம் 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி கட்டியது. அதே மேட்டின் கடல் ஓரத்தில் 4-ம் நூற்றாண்டு ரோமானியக் காவல் நிலையத்தின் அடித்தளமும் இருக்கிறது. 1645-ல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் கோட்டை ஐந்து மாதம் முற்றுகையைத் தாங்கிச் சிதைந்தது. 1914 டிசம்பர் 16 காலை ஜெர்மன் போர்க்கப்பல்கள் இந்தக் குடாவுக்குள் வந்து ஊரைச் சுட்டபோது மறுபடி அடிவாங்கியது. வீடுகளுக்குள் இருந்த பொதுமக்கள் இறந்தார்கள். பழைய நினைவுச்சின்னங்களைப் பராமரிக்கும் 'இங்கிலீஷ் ஹெரிடேஜ்' அமைப்பின் உறுப்பினர்களுக்கு நுழைவு இலவசம்.

டிக்கெட் எடுக்காவிட்டாலும் கோட்டைக்குப் போகும் வழியில் உள்ள செயின்ட் மேரி தேவாலயம் வரை ஏறுங்கள். அதன் கல்லறைத் தோட்டத்தில் நாவலாசிரியை ஆன் பிரான்டே அடக்கமாகியிருக்கிறார். காசநோய் முற்றிய நிலையில், தனக்குப் பிடித்த இந்தக் கடலைப் பார்க்க அக்கா ஷார்லட்டோடு வந்து, 1849 மே 28-ல் இங்கேயே இறந்தார். கல்லில் வயது 28 என்று தவறாக வெட்டிவிட்டார்கள். அப்போது அவருக்கு 29. உப்புக் காற்றில் அந்தக் கல் அரித்து எழுத்துகள் உதிர்ந்துகொண்டிருப்பதால், சரியான வயதோடு ஒரு பலகைக்கல்லைப் பின்னாளில் அதன் அடியில் பதித்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கடலோரத்துல அரண்மனை மாதிரி நிக்குதே, அது என்ன?

கிராண்ட் ஹோட்டல். லீட்ஸ் நகர மண்டபத்தைக் கட்டிய கத்பர்ட் பிராட்ரிக்கின் வடிவமைப்பு, 1867-ல் திறந்தது. ஆண்டை மனதில் வைத்துக் கட்டியது: பருவங்களுக்கு 4 கோபுரம், மாதங்களுக்கு 12 தளம், வாரங்களுக்கு 52 புகைபோக்கி, நாட்களுக்கு 365 அறை. திறந்தபோது ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹோட்டல்களில் ஒன்று. முன்பு அதே இடத்தில் இருந்த விடுதியில்தான், மேலே சொன்ன ஆன் பிரான்டே கடைசி நாட்களைக் கழித்தார். சுவரில் நினைவுப் பலகை இருக்கிறது. கட்டடத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் கடல் வற்றிய நேரத்தில் தெற்குக் குடாவின் மணலில் இறங்கி, திரும்பிப் பாருங்கள்.

வானிலை 'வெயில்'னு காட்டிச்சு, போய் இறங்கினா ஒரே பனிமூட்டம். இது ஏன்?

உள்ளூரில் இதை 'ஃப்ரெட்' என்பார்கள். வசந்தத்திலும் கோடையிலும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த வடகடலின் மேல் நகரும்போது அடர்ந்த மூட்டமாகிவிடும். கிழக்குக் காற்று அதைக் கரைக்குத் தள்ளும். யார்க்கில் 25 டிகிரி வெயில் அடிக்கும்போது இங்கே ஸ்வெட்டர் தேவைப்படும். சில மணி நேரத்தில் விலகலாம், நாள் முழுக்கவும் நிற்கலாம். எந்த மாதமானாலும் ஆளுக்கொரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட் எடுத்துப் போங்கள். குடை இந்தக் காற்றுக்குத் தாங்காது.

மூட்டமோ மழையோ வந்தால் ரொட்டண்டா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1829-ல் கட்டிய வட்டமான கட்டடம். பாறை அடுக்குகளைப் புதைபடிவங்களைக் கொண்டு வரிசைப்படுத்திக் காட்டிய வில்லியம் ஸ்மித்தின் யோசனைப்படி எழுந்தது. இந்தக் கரையின் புதைபடிவங்கள் அங்கே இருக்கின்றன. ஸ்டேஷனுக்கு எதிரே ஸ்டீபன் ஜோசப் தியேட்டர். நடுவில் மேடை, நாலாபுறமும் பார்வையாளர்கள். நாடகாசிரியர் ஆலன் எய்க்போர்ன் தன் நாடகங்களைப் பெரும்பாலும் இந்த ஊரில்தான் முதலில் அரங்கேற்றியிருக்கிறார். கோடையில் ஸ்பாவில் அதன் இசைக்குழு வாசிக்கும். இப்படிக் கடலோர ஊருக்கென்று தொழில்முறை இசைக்குழு இந்த நாட்டில் வேறெங்கும் மிஞ்சவில்லை.

'ஸ்கார்பரோ ஃபேர்'னு பழைய இங்கிலீஷ் நாட்டுப்பாட்டுல வர்ற அந்த ஸ்கார்பரோ சந்தை இப்பவும் நடக்குதா?

இல்லை. 1253-ல் மூன்றாம் ஹென்றி கொடுத்த சாசனத்தின்படி ஆகஸ்ட் 15 முதல் 45 நாள் நடந்த பெரிய வியாபாரச் சந்தை அது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் நின்றுபோனது.

விட்பி, ராபின் ஹூட்ஸ் பே ரெண்டையும் அதே பயணத்துல பார்த்துடலாமா?

பார்க்கலாம், இரண்டும் வடக்கே உள்ள கடலோர ஊர்கள்தான்; இரண்டாவது நாளை அதற்கு ஒதுக்குங்கள். எக்ஸ்93 பேருந்து ராபின் ஹூட்ஸ் பே வழியாக விட்பிக்குச் சுமார் ஒரு மணி நேரத்தில் போகும். 2025 தொடக்கத்திலிருந்து இங்கிலாந்தில் பெரும்பாலான பேருந்துகளில் ஒரு வழிக் கட்டணத்துக்கு 3 பவுன் உச்சவரம்பு இருக்கிறது. ராபின் ஹூட்ஸ் பேயில் பேருந்து மேலேயே நின்றுவிடும், கடலுக்கு இறங்கும் தெரு மிகச் செங்குத்து. அம்மாவின் முட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே விஞ்ச் கிடையாது. கடற்கரையோடு பாறை ஓரமாக நடப்பதானால் டைட் பற்றி மேலே சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். கடல் ஏறினால் முன்னேயும் பின்னேயும் வழி அடைபடும்.

மே, ஜூன் மாதங்களில் போகிறவர்கள் விட்பிக்குப் பதிலாகத் தெற்கே பெம்ப்டன் கிளிஃப்ஸ் போவதையும் யோசியுங்கள். ஸ்கார்பரோ-ஹல் ரயிலில் பெம்ப்டனில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். பஃபின், கேனட் உட்பட லட்சக்கணக்கான கடற்பறவைகள் கூடு கட்டும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். ஜூலை முடிவதற்குள் பஃபின்கள் கிளம்பிவிடும்.

உண்மையைச் சொல்லுங்க, ஊர் பழசாகி, பெயின்ட் உதிர்ந்து கிடக்குன்னு படிச்சேன். எதுக்கு அங்க போகணும்?

பெயின்ட் உதிர்ந்த கட்டடங்கள் உண்டு. மூடிய கடைகளும் உண்டு. மலிவு விமானங்களில் ஸ்பெயின் போகத் தொடங்கியபின் இந்நாட்டுக் கடலோர ஊர்கள் எல்லாவற்றுக்கும் நேர்ந்தது இங்கேயும் நேர்ந்தது. ஆனால் கடற்கரைக்கு விடுமுறை போவது என்ற வழக்கமே கண்முன் உருவான ஊர் இது. 1626 வாக்கில் பாறை அடியில் ஊறிய தாதுநீரை ஒரு பெண்மணி கவனித்தார். நோய் தீரும் என்று நம்பி மக்கள் குடிக்க வந்தார்கள். பிறகு கடல்நீரே மருந்து என்றார்கள் மருத்துவர்கள். 1735-ல் வரைந்த ஒரு படத்தில், குளிப்பவர்களைக் கடலுக்குள் கொண்டுபோகும் சக்கரம் வைத்த மர அறை தெற்குக் குடாவில் நிற்பது தெரிகிறது. 1845-ல் ரயில் வந்ததும், அதுவரை பணக்காரர்களின் ஊராக இருந்தது ஆலைத் தொழிலாளிகளின் ஊராகவும் ஆனது.

அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே மணலில் வாளியும் மண்வெட்டியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். காசு நிறையச் செலவழிக்காமல் ஒரு குடும்பம் நாள் முழுக்க மகிழ்ச்சியாக இருக்கலாம். புத்தம் புதுசாக, ஒரே மாதிரி மின்னும் இடம் தேடுபவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். எனக்கு அது வேண்டாம், இதுதான் வேண்டும்.

பாறை சரியும்னு சொல்றாங்களே, ஆபத்து இல்லையா?

தெற்குப் பக்கத்து மேடு பனியாறுகள் விட்டுச்சென்ற களிமண்ணால் ஆனது, மழையில் ஊறினால் நழுவும். 1993 ஜூனில் ஹோல்பெக் ஹால் என்ற ஹோட்டல், மேடு சரிந்ததால் சில நாட்களில் இடிந்து இறங்கியது. தங்கியிருந்தவர்களை முன்பே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. வழக்கமான பாதைகளில் பயம் வேண்டாம். வேலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள், பாறைச் சுவருக்கு நேர் அடியில் துண்டு விரித்து உட்காராதீர்கள்.

குளிர்காலத்துல போனா எல்லாம் மூடியிருக்குமா?

குட்டி ரயில், படகு, சில விடுதிகள் மூடியிருக்கும் அல்லது வார இறுதியில் மட்டும் திறக்கும். மீன் கடைகளும் கஃபேக்களும் தியேட்டரும் நடக்கும். டிசம்பரில் மாலை நாலுக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். துறைமுகத் தளத்தில் டர்ன்ஸ்டோன் என்னும் சின்னப் பறவைகள் கால்களுக்கு இடையே பயமில்லாமல் ஓடித் திரியும்.

குளிர்காலத்தில் ஒரே ஒரு நாள்தான் போக முடியும் என்றால், தவக்காலம் தொடங்கும் முந்தைய செவ்வாய்க்கிழமை போங்கள். அது பான்கேக் நாள். மதியம் பன்னிரண்டுக்கு ஊருக்குள் மணி அடிப்பார்கள். கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நீளக் கயிறுகளைக் குறுக்கே பிடித்துச் சுழற்றுவார்கள். பள்ளிப் பிள்ளைகள், கடைக்காரர்கள், பாட்டிமார் எல்லோரும் ஸ்கிப்பிங் ஆடுவார்கள். வெளியூர்க்காரர்களையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். தேதி ஆண்டுதோறும் மாறும், பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். தட்டையான காலணி போட்டுக்கொண்டு போங்கள்.